போயிட்டு வா சீட்டு

இராஜபாளையம்,
19.6.1988.

அன்புள்ள அத்தானுக்கு ரத்தினம் எழுதுவது.

இங்கே மாமாவும் நானும் சுகமாக இருக்கிறோம். கடூனாவில் மழை பிடித்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். கொசுவலை கட்டாமல் தூங்காதீர்கள். உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மாமா வாசித்துக் காட்டச் சொன்னார்கள். அவர்கள் உடம்பைப் பற்றிக் கேட்டிருந்த பகுதியை இரண்டு தடவை வாசித்தேன். அவர்களை உங்கள் தம்பி வீட்டில் விட்டுவிட்டு, மில் வேலையை ராஜினாமா செய்துவிட்டு, நான் நைஜீரியாவுக்குக் கிளம்பி வர வேண்டும் என்று எழுதியிருந்த பகுதியை வாசிக்கவில்லை. அதற்கான பதில் இந்தக் கடிதத்தின் கடைசியில் இருக்கிறது. வரிசையாக வாசித்துக்கொண்டு வாருங்கள்.

மாமாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. டாக்டர் பீடியை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் கிளப்புக்குப் போய் ரம்மி ஆடுவது மட்டும் நிற்கவில்லை. கேட்டால், "பீடிய விடுங்கன்னுதான் டாக்டர் சொன்னாரு, சீட்ட விடுங்கன்னு சொல்லலியே தாயி" என்கிறார்கள். மேற்கே மழை இறங்கி அய்யனார் கோவில் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. நம் கிணற்றிலும் இரண்டு உறை உயரத்துக்குத் தண்ணீர் ஏறியிருக்கிறது.

இனி மில் விஷயம். எங்கள் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வருகிறது. யார் பகல் ஷிப்ட், யார் சாயங்கால அரை ஷிப்ட், யார் ராத்திரி ஷிப்ட் என்று வாரா வாரம் டைம் ஆபீசில் நாங்கள் மூன்று பெண்கள் கையால் எழுதுகிறோமே, அந்த வேலையை அது செய்துவிடுமாம். மேனேஜர் குருசாமி சார் எங்களைக் கூப்பிட்டுப் பேசினார். பொங்கல் சமயத்தில் மெஷின் வரும், அதை ஓட்டக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு ஆள் வருவார், நீங்கள் மூவரும் நூல் குடோனுக்கு மாற வேண்டியிருக்கும் என்றார். குடோன் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். பஞ்சுத் தூசியில் நாள் முழுக்க நின்றபடி பொதிகளுக்குச் சீட்டு ஒட்டுகிற வேலை. ஒரு வருடத்தில் நாங்களாகவே நின்றுவிடுவோம் என்பதுதான் மில்லின் கணக்கு.

நாங்களே கற்றுக்கொண்டால் என்ன சார் என்று கேட்டேன். உங்களுக்கு நாற்பது தாண்டியிருக்குமே என்றார். நாற்பத்து மூன்று, ஆனால் என் பி.எஸ்ஸி. கணக்குப் பட்டத்துக்கு வயது ஏறவில்லை என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மெஷின் வந்ததும் ஒரு ஷிப்ட் முழுவதையும் அதில் போட்டுக் காட்டினால் வெளியாள் தேவையில்லை என்று சொல்லி, பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழிப் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்தார்.

புத்தகம் இருக்கிறது, மெஷின் இல்லை. மேஜையில் தண்ணீர் இல்லாமல் நீச்சல் பழகுகிறோம். மெஷின் செய்ய வேண்டியதை ஒவ்வொரு வரியாக எழுத வேண்டும், ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண். அதையும் பத்து, இருபது, முப்பது என்று தள்ளித் தள்ளித்தான் போட வேண்டும். பிறகு ஞாபகம் வருவதை நடுவில் சேர்ப்பதற்காக. சண்முகத்தாய், "பந்தியில பின்னால வாரவுகளுக்கு இடம் விட்டு எல போடுத மாதிரி" என்றாள். அவள்தான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள், எங்கள் டைப்பிஸ்ட். அவளுக்கு உடனே பிடிபட்டது எனக்குப் பிடிபடாமல் போன இடமும் உண்டு. A = A + 1 என்று ஒரு வரி. கல்லூரியில் இப்படி எழுதியிருந்தால் வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருப்பார்கள். ஒரு வாரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா, கிளப்பில் கழித்துப்போட்ட பழைய சீட்டுக்கட்டுகளை வைத்துத் தனியாக ஆடிக்கொண்டிருந்தார்கள். எட்டு என்றால் எட்டு, ஜோக்கர் என்றால் ஜோக்கர். சீட்டு எதற்கென்று யாரும் வாதாடுவதில்லை. அது சொல்வதை மட்டும் செய்கிறோம். அப்போதுதான் தோன்றியது. இரண்டு கட்டு வாங்கி, ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைத்தாள் ஒட்டினோம். மூலையில் ஆங்கிலக் கட்டளை, கீழே தமிழ், நடுவில் படம். படமெல்லாம் சண்முகத்தாய் வரைந்தாள். அவள் தெருவில் மார்கழிக் கோலத்துக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். LET என்பதற்குத் தூக்குவாளி, வாளியின் மேல் A என்று பெயர். உள்ளே இருப்பதை எடு, ஒன்று சேர், திரும்பவும் உள்ளே போடு. A = A + 1 அவ்வளவுதான். நான் சமன்பாடு என்று நினைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன், அது வெறும் வாளி.

IF என்பதற்குப் பஸ் கண்டக்டர். சில்லறை இருந்தால் ஏறு, இல்லாவிட்டால் இறங்கு. END என்பதற்கு மில் சங்கு. திரும்பத் திரும்பச் செய்வதற்கு FOR, அதற்கு நவக்கிரகம் சுற்றுகிற பெண்ணை வரைந்தாள். எங்களில் மூன்றாமவள், கணக்கு எழுதும் கிருபாபாய் மட்டும், "ஏட்டி, எங்க சர்ச்சுல சுத்துத வழக்கம் கெடையாது, எனக்கு ராட்டினம் வரைஞ்சு குடு" என்று வாங்கிக்கொண்டாள். எங்கள் கட்டில் அந்தச் சீட்டு இரண்டு விதமாக இருக்கிறது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்டம். ஒருத்தி சீட்டுகளை வரிசையாக இறக்க வேண்டும், இன்னொருத்தி மெஷின். மெஷின் சொந்தப் புத்தியை உபயோகிக்கக் கூடாது, சீட்டில் இருப்பதை மட்டும் செய்ய வேண்டும். தப்பு செய்தவள் அன்றைக்குக் கழுதை. பெரும்பாலும் நான்தான். அதிகம் யோசிக்கிறேனாம்.

மாமாவிடம் சொன்னேன். "சீட்டுனால வேல போனவனப் பாத்துருக்கேன், சீட்ட வச்சு வேல வாங்குதவள இப்பத்தான் பாக்கேன்" என்றார்கள். இன்னொரு கட்டும் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அதனால் அத்தான், தை பிறக்கும் வரை ராஜினாமா பற்றிப் பேச வேண்டாம். காட்டிவிட்டால் இருக்கிறேன். காட்ட முடியாவிட்டால் நீங்கள் சொன்னதைக் கேட்கிறேன். காட்டிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
ரத்தினம்


இராஜபாளையம்,
9.10.1988.

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் பதில் கிடைத்தது. மாமாவுக்கு அனுப்பிய கம்பளி பத்திரமாக வந்துசேர்ந்தது. இந்த ஊர் வெயிலில் அதைப் போர்த்திக்கொண்டு கிளப்புக்குப் போய்க் காட்டிவிட்டு வந்தார்கள்.

"நாற்பதுக்கு மேல் உனக்குச் சீட்டு விளையாட்டா" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வேடிக்கைக்குத்தான் எழுதியிருப்பீர்கள். இங்கே அதையே டைம் கீப்பர் உக்கிரபாண்டி வேடிக்கை இல்லாமல் செய்தார். கேட்டில் உள்ளே வருகிறவர், வெளியே போகிறவர் கணக்கு அவர் கையில். ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துவிட்டு நேரே மேனேஜர் அறைக்குப் போய், "சார், ஆபீசுல பொம்பளைக சீட்டு ஆடுதாக. இதக் கேக்க ஆளில்லன்னா நாளைக்கு ஸ்பின்னிங் செட்டுக்குள்ள நம்ம பயக ஆடுவானுக" என்று சொல்லியிருக்கிறார்.

மேனேஜர் வந்தபோது மேஜை நிறையச் சீட்டு. கிருபாபாய் அன்று மெஷின். பாவம், சீட்டுகளை மடியில் மறைக்கப் பார்த்தாள். நான் மறைக்க வேண்டாம் என்றேன். மேனேஜருக்கும் நாற்காலி போட்டு, நீங்கள் மெஷின் என்று சொல்லி, பத்தாம் எண் சீட்டை அவர் முன்னால் வைத்தேன். தூக்குவாளியைப் பார்த்துச் சிரித்தவர் கண்டக்டர் சீட்டு வந்ததும் சட்டைப்பையைத் தடவினார். மூன்றாவது சுற்றில் சொந்தப் புத்தியை உபயோகித்துவிட்டார். சண்முகத்தாய்க்கு வாய் சும்மா இருக்குமா? "சார், கோவிச்சுக்கிடாதீங்க, இன்னைக்கு நீங்கதான் கழுத" என்று சொல்லிவிட்டாள். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, இன்னொரு ஆட்டம் போடு என்றார். போகும்போது உக்கிரபாண்டியிடம், மத்தியானம் அவர்களைத் தொந்தரவு செய்யாதே என்று சொன்னாராம். அன்றிலிருந்து உக்கிரபாண்டி எங்களைக் கடந்து போகும்போதெல்லாம், "என்ன, கிளப்புல இன்னைக்குக் கூட்டம் கொறச்சலா இருக்கு" என்பார். பழகிவிட்டது.

படிப்பு நன்றாகப் போகிறது. ஷிப்ட் போடும் வரிகளைக் கிட்டத்தட்ட எழுதி முடித்துவிட்டோம். ஒரு இடத்தில் மட்டும் சண்முகத்தாயோடு தகராறு வந்தது. அதைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

GOTO என்று ஒரு கட்டளை. இன்ன எண்ணுள்ள வரிக்குப் போ என்று பொருள். அதற்குப் புறப்படுகிற பஸ்ஸை வரைந்திருந்தாள். தமிழில் "போ" என்று நான் எழுதச் சொன்னதும் பேனாவை மூடிவிட்டாள். அன்று வெள்ளிக்கிழமை வேறு. "கெளம்புதவுகளப் போன்னு ஒத்தச் சொல்லுல யாராவது அனுப்புவாகளா மதினி? மெஷினா இருந்தாலும் பொழுதன்னைக்கும் போ, போன்னு வெரட்டினா வெளங்குமா?" என்றாள். கிருபாபாயும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டாள். அவர்கள் வீட்டிலும் போயிட்டு வாரேன் என்று சொல்லாமல் யாரும் படி இறங்குவதில்லையாம்.

புத்தகத்தில் GOSUB என்று இன்னொன்றும் இருக்கிறது. அது போய், வேலையை முடித்துவிட்டு, RETURN என்ற இடத்தில் திரும்பி வருவது. அதற்குச் சண்முகத்தாய் வரைந்த படம் எங்கள் கட்டிலேயே அழகு. பிரசவத்துக்குப் பெட்டியோடு அம்மா வீட்டுக்குக் கிளம்புகிற பெண். RETURN சீட்டில் அதே பெண் கைக்குழந்தையோடு பஸ்ஸைவிட்டு இறங்குகிறாள். "போயிட்டு வா" என்று எழுதியிருந்தோம். கடைசியில், இரண்டுமே போகிற வேலைதானே, இரண்டுக்கும் அந்தச் சீட்டே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். "போ" சீட்டுகளைக் கட்டிலிருந்து எடுத்துவிட்டேன். பட்டம் வாங்கியவள் இதற்குச் சம்மதிக்கலாமா என்று கேட்பீர்கள். எனக்கும் அந்தச் சொல் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. ஆடிப்பார்த்தோம், ஒரு பிசகும் இல்லாமல் ஆட்டம் ஓடுகிறது.

நேற்று புரட்டாசிச் சனிக்கிழமை. சண்முகத்தாய் லீவு போட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நம் பக்கத்துத் திருவண்ணாமலைக் குன்றுக்கு நடந்தே போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்தாளாம். எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டிருக்கிறாள். உங்களுக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டதாகச் சொல்லியனுப்பியிருந்தாள். என்ன வேண்டினாள் என்று நான் கேட்கவில்லை.

ஒப்பந்தத்தை மறுபடியும் நீட்டிக் கையெழுத்துப் போட்டிருப்பதாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள். இரண்டு வருடம் என்றுதான் முதலில் சொன்னீர்கள். இது மூன்றாவது கையெழுத்து. மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவர்கள் கேட்கவும் இல்லை. தீபாவளிக்கு உங்கள் பெயரில் வேட்டி எடுத்து வைக்கச் சொன்னார்கள், எடுத்துவிட்டேன்.

ரத்தினம்


இராஜபாளையம்,
22.1.1989.

அன்புள்ள அத்தானுக்கு,

ஏரோகிராமுக்குள் எதையும் வைத்து அனுப்பக் கூடாது என்கிறார்கள். அதனால் இந்தத் தடவை உறையில் எழுதுகிறேன். உள்ளே இருப்பதை இப்போதே எடுத்துப் பார்த்துவிட்டிருப்பீர்கள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

மெஷின் பொங்கலுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. கோயம்புத்தூர் இன்ஜினீயரும் கூடவே வந்தார். முதல் இரண்டு நாள் பத்துப் பன்னிரண்டு பெயரைக் கொடுத்துப் போட்டுப் பார்த்தோம். எழுதினது எழுதினபடி ஓடியது. பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து நிற்கும்போது கிருபாபாய் கைதட்டினாள். நான் தட்டவில்லை, ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வந்தது எனக்கு நினைவே இல்லை.

புதன்கிழமை மேனேஜர் முன்னால் பரீட்சை. ஸ்பின்னிங் பகுதியில் ஒரு ஷிப்ட் முழுவதும். உக்கிரபாண்டியும் கதவோரம் வந்து நின்றார். மெஷின் பெயர்களைப் போட்டுக்கொண்டே வந்தது. பாதி தாண்டவில்லை, நின்றுவிட்டது. Out of memory என்று ஒரு வரி. மறுபடியும் ஓட்டினேன். அதே இடத்தில் அதே வரி.

இன்ஜினீயர் மேனேஜரிடம்தான் பேசினார், என்னிடம் பேசவில்லை. மெஷினில் ஞாபகம் வைக்க இடம் போதவில்லை, இதைவிடப் பெரிய மெஷின் வேண்டும், அதற்குப் பழகிய ஆளும் வேண்டும் என்றார். இந்த அம்மாக்கள் இவ்வளவு தூரம் வந்ததே பெரிய விஷயம் என்றும் சொன்னார். அந்த வார்த்தைதான் என்னை எழுப்பியது. சார், டீ வந்து முடியும் வரை நேரம் கொடுங்கள் என்று மேனேஜரிடம் கேட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

பையிலிருந்து கட்டை எடுத்து மேனேஜர் மேஜையிலேயே சீட்டுகளை வரிசையாக இறக்கினேன். சண்முகத்தாய் மெஷின். மெஷினுக்கு ஞாபகம் எங்கே தீருகிறது என்று பார்க்க வேண்டும், எதை அது ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்று யோசித்தேன். "போயிட்டு வா" என்று ஒருத்தியை அனுப்பினால், அவள் எங்கிருந்து கிளம்பினாள் என்பதை அது மறக்காமல் வைத்திருக்க வேண்டும். திரும்பி வரும்போது அந்த இடத்தில் சேர்க்க வேண்டுமே. ஆகையால் ஒவ்வொரு தடவை அந்தச் சீட்டு வரும்போதும் ஞாபகத்துக்கு ஒரு கடலையை எடுத்து வை என்றேன். டீயோடு வந்த வறுத்த கடலை தட்டில் இருந்தது. RETURN சீட்டு வந்தால் ஒன்றை எடுத்துவிட வேண்டும்.

ஒரு பெயர், ஒரு கடலை. அடுத்த பெயருக்காகப் பழைய வரிக்குப் போக வேண்டும், அதற்கு ஒரு "போயிட்டு வா", அதற்கு ஒரு கடலை. கடலை ஏறிக்கொண்டே போனது, ஒன்றுகூட இறங்கவில்லை. உக்கிரபாண்டி, "மில்லு கம்ப்யூட்டருன்னாக, கடசியில கடலைக் கடையில வந்து நிக்குது" என்றார். நான் அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேஜையில் நாங்கள் ஆடியபோது இது ஏன் தெரியவில்லை என்றும் அப்போதுதான் புரிந்தது. நாங்கள் மனுஷிகள். போன இடத்திலிருந்து அடுத்த வேலைக்குத் தானாக நகர்ந்துவிடுவோம், பின்னால் ஒருத்தி காத்திருக்கிறாள் என்று நினைக்கமாட்டோம். மெஷின் அப்படி இல்லை. வா என்று சொல்லி அனுப்பிவிட்டால், வராதவர் ஒவ்வொருவருக்கும் அது இடம் போட்டு வைத்துக் காத்திருக்கிறது. வேறு ஒன்றுக்கும் இடமில்லாமல் போகும் வரை காத்திருந்துவிட்டு நின்றுவிடுகிறது. மெஷினில் பழுது இல்லை. திரும்பி வராத இடத்துக்குப் போயிட்டு வா என்று சொன்னது நாங்கள்.

எழுந்து போய் அந்த ஒரு வரியில் GOSUB இருந்த இடத்தில் GOTO என்று மாற்றினேன். சண்முகத்தாய் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "போன்னே போட்டுட்டீங்களா மதினி" என்றாள். திரும்பாதவர்களை அப்படித்தான் அனுப்ப வேண்டும் என்றேன். ஓட்டினேன். ஷிப்ட் முழுவதும், கடைசிப் பெயர் வரை வந்து, சங்கு ஊதியது போல நின்றது.

இன்ஜினீயர் கிட்டே வந்து அந்த வரியைப் பார்த்தார். மேனேஜர் தட்டிலிருந்த கடலையை எடுத்துத் தின்றுகொண்டே, உங்களுக்குச் சாயங்காலம் கோயம்புத்தூர் பஸ் எத்தனை மணிக்கு என்று அவரிடம் கேட்டார். உக்கிரபாண்டி வெளியே போய், மெயின் கேட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் கண்டுபிடித்தது பாதி அவர்தான். இருக்கட்டும்.

இந்த மாதத்திலிருந்து நான் கம்ப்யூட்டர் பொறுப்பு. அவர்கள் இருவரும் என்னோடுதான். அறையில் ஏ.சி. வைத்திருக்கிறார்கள். நீங்கள் அனுப்பிய கம்பளியை மாமா எனக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு இருமல் மறுபடியும் தொடங்கியிருக்கிறது. ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். தம்பி வீட்டில் கொண்டுபோய் விடுகிற நிலையில் இல்லை. விடவும் மாட்டேன்.

ராஜினாமா எழுதவில்லை அத்தான். இனி எழுதுவதாகவும் இல்லை. காட்டிவிட்டால் இருக்கிறேன் என்று ஆனி மாதமே சொல்லியிருந்தேன், காட்டிவிட்டேன். உங்களுக்கு வருத்தம் இருக்கும். எனக்கும் இருக்கிறது, ஆனால் அது வேறு வருத்தம்.

நீங்கள் கிளம்பிய அன்று மாமா, நான், தம்பி எல்லோரும் வாசலில் நின்றோம். நீங்கள் போயிட்டு வாரேன் என்றீர்கள், நான் போயிட்டு வாங்க என்றேன். ஊரெல்லாம் சொல்கிற சொல்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு கடலையை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். புதன்கிழமைக்கு முன்னால் அது எனக்குத் தெரியாது. இடம் தீர்ந்துவிடவில்லை, பயப்பட வேண்டாம். ஆனால் எந்தச் சீட்டு என்று எனக்குத் தெரிய வேண்டும். இரண்டில் எது என்றாலும் என்னால் ஓட்ட முடியும். எது என்று தெரியாமல் இருப்பதுதான் நின்றுபோகிற இடம்.

RETURN பற்றிப் புத்தகத்தில் ஒன்று எழுதியிருக்கிறது. திரும்பி வருகிறவர் கிளம்பிய வரிக்கே வந்து சேர்வதில்லை. அதற்கு அடுத்த வரிக்குத்தான் வருவார். வந்தால் அப்படித்தான் இருக்கும். நீங்கள் விட்டுப்போன வரியில் நான் இல்லை. அடுத்ததில் இருக்கிறேன். வீடு அதேதான், கிணறு அதேதான். காலையில் எட்டு மணிக்கு நான் கிளம்பிவிடுவேன், சாவி மாமாவிடம் இருக்கும்.

உறைக்குள் இருப்பது எங்கள் கட்டின் RETURN சீட்டு. பழைய படத்தின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டிச் சண்முகத்தாய் புதிதாக வரைந்தது. பஸ்ஸைவிட்டு இறங்குகிறது இந்தத் தடவை பெண் இல்லை, கைப்பெட்டியோடு ஒரு ஆண். முகத்தை வெறுமையாக விட்டிருக்கிறாள். அவள் உங்களைப் பார்த்ததில்லையே. அந்தச் சீட்டு எங்கள் கட்டில் ஒன்றுதான். ஒன்று குறைந்தால் ஆட்டம் ஓடாது. இன்னொன்று வரையவா என்று கேட்டாள். இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

தபாலில் திருப்பி அனுப்ப வேண்டாம். கையில் எடுத்து வாருங்கள்.

ஆண்டாள் துணையிருப்பாள். உடம்பு பத்திரம்.

அடுத்த வரியிலிருந்து,
ரத்தினம்